ஒரே ஒரு குண்டு: பழைய முறைத் துப்பாக்கி வேட்டை பற்றிக் கேள்வி பதில்

குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் ஈயக்குண்டும் கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கியோடு பல பருவங்கள் மான் வேட்டைக்குப் போயிருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் நாட்டில், உரிமத்தோடு, அதற்குரிய பருவத்தில் போகிறவர்களுக்கான பேச்சு இது.

கேள்வி: அண்ணா, தொலைநோக்கி பொருத்திய ரைஃபிளில் 300 கஜத்திலிருந்தே மானை அடித்துவிடலாம். ஒரு குண்டு கெட்டிக்கவே அரை நிமிஷம் ஆகிற துப்பாக்கியில் அப்படி என்ன நிறைவு?

தம்பி, 300 கஜத்தில் நிற்கும் மானுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. 50 கஜத்துக்குள் போய்ப் பாருங்கள். அது உங்களை மோப்பம் பிடிக்கும், காதைத் திருப்பும், சந்தேகம் வந்தால் முன்காலால் தரையைத் தட்டும். காற்று எந்தப் பக்கம், காலடியில் சருகா ஈரமண்ணா, வெயில் யார் கண்ணில் விழுகிறது என்று எல்லாமே கணக்கு.

ஒரு காலை இன்னும் கண்முன் நிற்கிறது. விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன். பெட்டை மான் ஒன்று 30 கஜத்துக்கு வந்துவிட்டது. குதிரையை, அதாவது விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் சுத்தியலை, பின்னால் இழுத்தால் ‘கிளிக்’ என்று சத்தம் வரும். அதனால் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே குதிரையைப் பின்னால் கொண்டுபோய், விசையை விட்டபின் மெல்ல இருத்தினேன். மான் மூச்சு விடும்போது எழுந்த ஆவி தெரிந்தது. ஆனால் அது எனக்கு நேர் எதிரே நின்றது, நெஞ்சின் பக்கவாட்டுத் தெரியவில்லை. அது திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பாமலே புதருக்குள் போய்விட்டது. குதிரையை, விசை இழுத்தாலும் சுடாத பாதி நிலைக்கு இறக்கினேன், கை நடுங்கியது. இறைச்சி கொண்டுவந்த நாட்களை விட அந்தக் காலையைத்தான் அதிகம் நினைக்கிறேன். கையில் ஒரே குண்டு என்றால் ‘இப்போது சுடலாமா’ என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு நிறைவு அங்கேதான்.

கேள்வி: சக்கிமுக்கிக்கல் வகை நல்லதா, கேப் வைத்துச் சுடும் வகையா?

முதல் துப்பாக்கி என்றால் கேப் வகை. கேப் என்பது தட்டினால் வெடிக்கும் மருந்து வைத்த சின்ன உலோகத் தொப்பி. ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், சீக்கிரம் பற்றும். இந்த வகையே வேட்டையிலிருந்து பிறந்ததுதான். ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் பறவை வேட்டைப் பிரியர். சக்கிமுக்கித் துப்பாக்கியில் குழலுக்கு வெளியே இருக்கும் சிறு கிண்ணியில் ரஞ்சகம், அதாவது பற்றவைக்கும் மருந்து, எரியும் பளிச்சொளியைப் பார்த்துப் பறவைகள் குண்டு வருமுன்பே விலகிவிடுவது அவருக்குப் பெரிய தொல்லை. தட்டினால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு அவர் 1807இல் காப்புரிமை பெற்றார். கேப் அதன் வழியில் வந்தது.

ஆனால் வேட்டைக்காரனைப் பழக்குவது சக்கிமுக்கிதான். கல் உரசிப் பொறி விழுந்து, ரஞ்சகம் பற்றி, தீ பற்றுவாய்த் துளை வழியே உள்ளே போவதற்குள், கண்ணுக்கு முன்னாலேயே ஒரு வெளிச்சம் எழும். அப்போது கண் சிமிட்டாமல், தோள் அசையாமல் குறியிலேயே நிற்க வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சக்கிமுக்கிக்கு மட்டுமான மான் பருவம் 1974இல் தொடங்கியது, கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய குளிரில் இன்றும் நடக்கிறது. அந்தக் குளிரில் விறைத்த விரலோடு ரஞ்சகம் போடப் போகிறவர்கள் எதைத் தேடிப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

கேள்வி: எவ்வளவு தூரம் வரை சுடலாம்?

50 காலிபர், அதாவது அரை அங்குலக் குழல் துளை உள்ள துப்பாக்கிக்குப் போடும் உருண்டைக் குண்டு ஏறத்தாழ 177 கிரெய்ன், அதாவது பதினொன்றரை கிராம். உருண்டை என்பதால் காற்று அதன் வேகத்தைச் சட்டென்று தின்றுவிடும். குழலை விட்டுக் கிளம்பும்போது இருந்த ஆற்றலில் பாதிகூட 100 கஜத்தில் மிஞ்சாது. நான் 60 கஜத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் எல்லையை நீங்களே கண்டுபிடியுங்கள்: முட்டி போட்டு, மூச்சு வாங்கும் நிலையில், ஒரு சாண் வட்டத்துக்குள் ஐந்து குண்டும் எந்தத் தூரம் வரை விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம்.

கேள்வி: தூறலில் போனேன். விசையை இழுத்தால் ‘புஸ்’ஸென்று எரிந்ததோடு சரி, வெடிக்கவில்லை. மனசே விட்டுப்போச்சு.

எனக்கும் நடந்திருக்கிறது, தப்பும் என்னுடையதுதான். பனியில் ஒரு மணி நேரம் நடந்தும் ரஞ்சகத்தை மாற்றவில்லை. கிண்ணியில் பார்த்தால் கறுப்புக் களி. கருமருந்துப் புகையின் கசடு ஈரத்தை உறிஞ்சும். அதனால் கிண்ணியையும் கல்லையும் துடைத்துவிட்டுத்தான் புது ரஞ்சகம் போட வேண்டும். தேன்மெழுகு தேய்த்த தோல் துண்டால் அந்த இடத்தை மூடிக் கட்டிக்கொண்டு போங்கள், பற்றுவாயை ஊசியால் குத்திவிடுங்கள். ஈர நாளில் அரை மணிக்கு ஒருமுறை மாற்றினாலும் தவறில்லை.

ஒன்று மட்டும் மறக்கவே கூடாது. வெடிக்கவில்லை என்றால் குழலை ஆபத்தில்லாத திசையில் நீட்டியபடி முழுசாக ஒரு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். உள்ளே தீ கனன்றுகொண்டிருக்கலாம். குழலின் வாயை எட்டிப் பார்க்கவே கூடாது.

கேள்வி: ஐயா, நான் இன்னும் ஒரு மிருகத்தைக்கூடச் சுட்டதில்லை. காயம்பட்டு ஓடிவிடுமோ என்பதுதான் என் பயம்.

அம்மா, அந்தப் பயம் உங்களிடம் இருக்கட்டும், அது நல்லது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நுரையீரல் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும்போது மட்டும் அங்கே சுடுங்கள். சுட்டதும் வெண்புகை எல்லாவற்றையும் மறைத்துவிடும். குனிந்து புகைக்குக் கீழே பாருங்கள், எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காதால் கேளுங்கள். நல்ல இடத்தில் பட்ட மானும் 50, 100 கஜம் ஓடி விழலாம். உடனே துரத்தாதீர்கள், நெருக்கினால் இன்னும் ஓடும். நின்ற இடத்திலேயே துப்பாக்கியை மறுபடி கெட்டியுங்கள். அரை மணி கழித்து, அது நின்ற இடத்தில் முடி, ரத்தம் தேடி, அங்கிருந்து அடி அடியாகப் போங்கள். நுரையோடு இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரல் ரத்தம், அருகிலேயே இருக்கும். இருட்டினாலும் விளக்கோடு தேடுவோம் என்ற உறுதி இல்லாதவர் விசையில் விரல் வைக்க வேண்டாம்.

கேள்வி: நவீனத் தோட்டாவில் இருக்கும் மருந்தைப் போடலாமா? மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேரே குழலில் ஊற்றலாமா?

இரண்டுமே கூடாது. நவீனத் தோட்டாவில் இருப்பது புகையில்லா மருந்து, அதன் அழுத்தத்தில் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். கருமருந்து, அல்லது துப்பாக்கி செய்தவர் அனுமதித்த மாற்று மருந்து மட்டும், அவர் சொன்ன அளவுக்குள். முதல் வெடிக்குப் பின் குழலுக்குள் கங்கு கிடந்தால், நேரே ஊற்றும்போது கொம்பே கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் எடுத்து ஊற்றுங்கள். கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு கீறி வையுங்கள். குண்டு மருந்தின்மேல் முழுசாக இறங்கி உட்கார்ந்ததா என்று அந்தக் கோடு சொல்லும்.

கேள்வி: அலைந்து களைத்து வந்த பிறகு, அன்றைக்கே கழுவித்தான் ஆக வேண்டுமா?

அன்றைக்கே. எரிந்த கருமருந்தில் பாதிக்கு மேல் வாயுவாகாமல் கசடாகும், அதில் ஒரு பகுதி குழலில் தங்கும், ஒரே இரவில் துரு தொடங்கிவிடும். எனக்கு இதுவும் வேட்டையின் ஒரு பகுதி. வெந்நீர் விட்டுத் துணிச்சுருளைக் கோலால் மேலும் கீழும் இழுத்தால் கந்தக வாடையோடு மைபோலத் தண்ணீர் வரும். அது சாம்பல் நிறமாகி, கடைசியில் துணி வெள்ளையாகவே வெளியே வரும். அன்று கண்டது, கோட்டைவிட்டது எல்லாம் அந்த நேரத்தில்தான் எனக்கு மனதில் ஓடும். நன்றாக உலர்த்தி எண்ணெய் பூசுங்கள். மறுநாள் காலை இன்னொரு எண்ணெய்த் துணி விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால், முதல் நாள் சரியாகக் கழுவவில்லை, மறுபடியும் வெந்நீர் வையுங்கள்.