பியூரெட்டில் ஓடும் எலக்ட்ரான் கணக்கு

கேள்வி: செய்முறை வகுப்பில் பெர்ரஸ் (+2 இரும்பு) அம்மோனியம் சல்பேட்டைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் தரம்பார்க்கிறோம் (பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, எவ்வளவு செலவாகிறது என்று அளக்கிறோம்). இளஞ்சிவப்பு வரவேண்டிய இடத்தில் பழுப்பாகக் கலங்கிவிடுகிறது, பியூரெட் அளவும் கூடுகிறது. ஏன்?
- பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: அமிலம் போதவில்லை. ஒரு பெர்மாங்கனேட் அயனி ஐந்து எலக்ட்ரான்களை வாங்கி, மாங்கனீசின் ஆக்சிஜனேற்ற எண் (அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்ததாகக் கணக்கு என்பதைக் காட்டும் எண்) +7-லிருந்து +2-க்கு இறங்க வேண்டும். அதற்கு எட்டு ஹைட்ரஜன் அயனிகள் தேவை. அவை கிடைக்காவிட்டால் மூன்றே எலக்ட்ரான்களோடு +4-இல் நின்று, மாங்கனீசு டை ஆக்சைடாகப் படிந்துவிடும். நீங்கள் பார்த்த பழுப்பு அதுதான். ஐந்து வாங்கவேண்டியது மூன்று மட்டும் வாங்கினால், அதே இரும்புக்குக் கூடுதல் பெர்மாங்கனேட் செலவாகும்.

பிப்பெட்டால் 20 மி.லி. பெர்ரஸ் கரைசல் எடுத்தால், 2 நார்மல் சல்பியூரிக் அமிலம் ஏறக்குறைய 20 மி.லி. சேருங்கள். அமிலத்தை அளவு ஜாடியில் அளந்தாலே போதும்; சற்றுக் கூடினாலும் பாதகமில்லை, குறையத்தான் கூடாது. பெர்மாங்கனேட்டை ஒரேயடியாகத் திறந்துவிட்டாலும் விழுந்த இடத்தில் பழுப்பு தட்டும். குடுவையைச் சுழற்றிக்கொண்டே விடுங்கள்.

சல்பியூரிக் தீர்ந்துவிட்டது என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றாதீர்கள். குளோரைடும் பெர்மாங்கனேட்டுக்கு எலக்ட்ரான் கொடுத்து குளோரினாகும், அளவு கூடும். நைட்ரிக் அமிலமோ தானே பெர்ரஸ் இரும்பை ஆக்சிஜனேற்றிவிடும், அளவு குறையும். இந்தக் கரைசலைச் சூடாக்கவும் வேண்டாம், காற்றிலுள்ள ஆக்சிஜனே பெர்ரஸை பெர்ரிக்காக (+3 இரும்பாக) மாற்றத் தொடங்கும். 60–70 டிகிரிக்குச் சூடாக்குவது ஆக்சாலிக் அமிலத்துக்கு மட்டும்.

கரைசல் அடர்நிறம் என்பதால் பியூரெட்டில் கரைசலின் வளைந்த மேற்பரப்பின் மேல் விளிம்பைப் படியுங்கள். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நின்றால் அதுவே முடிவுநிலை.

கேள்வி: எது ஆக்சிஜனேற்றி, எது ஒடுக்கி என்பதில் எப்போதும் குழம்புகிறேன்.
- பதினோராம் வகுப்பு மாணவர், கரூர்

பதில்: பெயரை மனப்பாடம் செய்யாமல் ஆக்சிஜனேற்ற எண்ணை வினைக்கு முன்னும் பின்னும் எழுதிப்பாருங்கள். மேலே உள்ள வினையில் இரும்பு +2-லிருந்து +3 ஆகிறது. எலக்ட்ரானை இழந்ததால் அது ஆக்சிஜனேற்றம் அடைகிறது, எனவே ஒடுக்கி. மாங்கனீசின் எண் இறங்குகிறது, அதாவது ஒடுக்கம் அடைகிறது; அதைத் தாங்கிய பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றி. தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்: ஆக்சிஜனேற்றி தான் ஒடுக்கம் அடையும்.

ஒரு பொருளுக்கு நிரந்தரமாக ஒரே பட்டத்தைக் கட்டிவிடவும் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடில் ஆக்சிஜனின் எண் -1. அமிலம் கலந்த பொட்டாசியம் அயோடைடில் ஊற்றினால் அது -2-க்கு இறங்கி, அயோடின் பிரிந்து கரைசல் பழுப்பாகும். இங்கே பெராக்சைடு ஆக்சிஜனேற்றி. அதையே அமிலம் கலந்த பெர்மாங்கனேட்டில் விட்டால் ஆக்சிஜன் -1-லிருந்து பூஜ்யத்துக்கு ஏறி, குமிழ்களாக வெளியேறும், ஊதா நிறம் மறையும். இங்கே அது ஒடுக்கி.