ஐஸ் ஹவுஸுக்குப் பனிக்கட்டி கொண்டுவந்தவன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெரினா ஐஸ் ஹவுஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து மெட்ராஸுக்குக் கப்பலில் பனிக்கட்டி அனுப்பிப் பணம் பார்த்த ஃபிரடெரிக் டூடரைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் கப்பலில் பாய்மரம் ஏறியவன் யார்? அவனுக்கு மனைவி மக்கள் இருந்தார்களா? அப்படி ஒருவனை வைத்து நாவல் எழுத ஆசை. இணையத்தில் தேடினால் ஒரே பெயரில் நூறு பேர் வருகிறார்கள். எங்கே தொடங்குவது?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஆளைத் தேடாதீர்கள், கப்பலைத் தேடுங்கள். அந்தக் காலத்துச் சாதாரண மாலுமி தன்னைப் பற்றி எதையும் எழுதிவைத்தது அபூர்வம். கப்பல் அப்படியல்ல. அதற்குப் பெயர் உண்டு, கேப்டன் உண்டு. அது கிளம்பியதும் சேர்ந்ததும் பாஸ்டன் பத்திரிகைகளிலும் மெட்ராஸ் பத்திரிகைகளிலும் செய்தியாக வந்தன. ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்ட 1842-லிருந்து தொடங்கி, ஒரே ஒரு கப்பலைப் பிடியுங்கள்.

அடுத்தது சுங்க அலுவலகக் காகிதங்கள். 1803-ல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டப்படி, வெளிநாடு செல்லும் கப்பலின் கேப்டன் தன் ஆட்களின் பட்டியலைக் கொடுத்து, 400 டாலருக்குப் பிணையும் எழுதித் தரவேண்டும். திரும்பி வரும்போது ஆள் குறைந்தால் அவன் செத்தானா, ஓடிப்போனானா, எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்டான் என்று கணக்குச் சொல்ல வேண்டும். அரசாங்கத்தின் அந்தச் சந்தேகப் புத்தியால்தான் இன்று நமக்குப் பிறந்த ஊர், வயது, உயரம், நிறம், முடி எல்லாம் கிடைக்கின்றன. சேலம் துறைமுகத்தின் 1799 முதல் 1879 வரையிலான பட்டியல்களுக்கு மிஸ்டிக் சீபோர்ட் அருங்காட்சியகம் இணையத்தில் அட்டவணை வைத்திருக்கிறது. (மாம்பழச் சேலம் அல்ல, மாசசூசெட்ஸ் சேலம்.) உங்கள் கப்பல் பாஸ்டனுடையதாக இருந்தாலும் அதைப் புரட்டிப் பாருங்கள். மாலுமி ஒரே துறைமுகத்தைக் கட்டிக்கொண்டு அழுபவன் அல்ல.

நான் அதிகம் மயங்கியது பாதுகாப்புச் சான்றிதழ்களில்தான். ஆங்கிலேயக் கடற்படை நடுக்கடலில் அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனதால் 1796-ல் வந்த ஏற்பாடு இது. 25 சென்ட் கொடுத்தால், இவன் அமெரிக்கக் குடிமகன் என்று சுங்க அதிகாரி எழுதித் தருவார். புகைப்படம் இல்லாத காலம், உடம்பே சாட்சி. உயரம் கால் அங்குலம் பிசகாமல் இருக்கும். விரலில் வெட்டுத் தழும்பு, முன்கையில் பச்சை குத்திய நங்கூரம், அதன்கீழ் இரண்டு எழுத்து. அந்த இரண்டு எழுத்து யாருடையது என்று கேட்கத் தொடங்கினால் உங்கள் நாவல் தொடங்கிவிடும்.

ஒன்றை நம்பி மோசம்போன கதையும் என்னிடம் உண்டு. பெயரும் வயதும் ஒத்துப்போன ஒருவனை இரண்டு மாதம் துரத்தினேன். முதல் பட்டியலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐந்து அங்குலம் குட்டையாகியிருந்தான். அது வேறு ஆள். சான்றிதழே கைமாறுவதும் உண்டு. பின்னாளில் அடிமை ஒழிப்புக்காகப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1838-ல் அடிமைத்தளையிலிருந்து தப்பியது கறுப்பின மாலுமி ஒருவரிடம் இரவல் வாங்கிய சான்றிதழோடுதான். அதில் எழுதியிருந்த ஆள் டக்ளஸைவிட நல்ல கறுப்பு. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் தாளின் தலைப்பில் இருந்த கழுகைப் பார்த்தார், கீழே படிக்கவில்லை.

குடும்பத்துக்குக் கரையில் இருந்த பெண்களைப் பின்தொடருங்கள். 1840 வரை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். 1850-லிருந்துதான் வீட்டிலிருந்த, அடிமையல்லாத ஒவ்வொருவர் பெயரும் பதிவானது. கணவன் கடலில் இருக்க, மனைவியும் பிள்ளைகளும் அவள் தாய்வீட்டில் எண்ணப்பட்டிருக்கலாம், ஆகவே அவளுடைய பிறந்த வீட்டுப் பெயரைத் திருமணப் பதிவிலிருந்து முதலில் எடுத்துவிடுங்கள். நகர முகவரிப் புத்தகங்களை ஆண்டுவாரியாகப் பாருங்கள். 'மாலுமி' என்று இருந்த இடத்தில் ஒரு வருடம் 'இன்னாரின் விதவை' என்று வரும். 1890 கணக்கெடுப்பை நம்பாதீர்கள், 1921 தீவிபத்தில் ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. கல்லறைகளையும் விடாதீர்கள். அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து இடுகாடுகளில் கடலில் மாண்டவர்களுக்கு உடல் இல்லாமலே கல் நட்டிருக்கிறார்கள்.

நாவலுக்காக இன்னொன்று. அவனை எடுத்த எடுப்பில் மெட்ராஸ் தெருவில் நடக்கவிட்டுவிடாதீர்கள். அன்று அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிடும். சரக்கும் ஆளும் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைக் கடந்தாக வேண்டும், துடுப்புப் போடுபவர்கள் உள்ளூர்க்காரர்கள். பாஸ்டனில் மரத்தூள் போட்டு அடுக்கிய பனிக்கட்டி படகில் இறங்குவதை அவன் மேல்தளத்தில் நின்றுதான் பார்த்திருப்பான், சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க.