மூன்று உலோகங்கள் சேர்ந்தால் மின்கடத்தாப் பொருளா?

கேள்வி: அலுமினியம், பல்லேடியம், ரேனியம் மூன்றுமே உலோகங்கள். இவை சேர்ந்த குவாசிகிரிஸ்டல் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தும் ஒரே அமைப்பு சீரான இடைவெளியில் திரும்ப வராத திண்மம்) கடுங்குளிரில் மின்சாரத்தைக் கடத்தாதாமே, உண்மையா?

பதில்: பாதி உண்மை. பெங்களூருவில் ஓர் ஆய்வகத்தில் குறைவெப்ப மின்தடை அளப்பதுதான் என் பிழைப்பு. எனக்கு இதில் சந்தேகம் அதிகம்.

வியப்பை மறுக்கவில்லை. அறை வெப்பத்தில் அலுமினியத்தின் மின்தடை எண் சுமார் 2.7 மைக்ரோஓம் சென்டிமீட்டர். இந்தக் கலவையோ, திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில், சில மாதிரிகளில் 1 ஓம் சென்டிமீட்டரையே எட்டுகிறது. மூன்று லட்சம் மடங்குக்கும் மேல். சாதாரண உலோகத்தைச் சூட்டில் பதப்படுத்தினால் குறைகள் நீங்கி மின்தடை இறங்கும். குவாசிகிரிஸ்டலில் ஒழுங்கு கூடக் கூட அது ஏறுகிறது! ஃபெர்மி ஆற்றலையொட்டி, அதாவது மின்சாரத்தைக் கடத்தும் எலக்ட்ரான்களின் ஆற்றலையொட்டி, எலக்ட்ரான்களுக்கு இடமே அரிதாகிவிடுவது ஒரு காரணம். இதைப் போலி இடைவெளி என்பார்கள்.

ஆனால் மின்கடத்தாப் பொருள் என்றால், தனிச்சுழி வெப்பநிலையை (0 கெல்வின்) நெருங்கும்போது மின்கடத்துதிறன் சுழியாக வேண்டும். அதை யாரும் நேரில் அளக்க முடியாது. அளந்த புள்ளிகளை நீட்டிப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். மின்தடையின் மடக்கையை வெப்பநிலையின் கால்படித் தலைகீழுக்கு எதிராக வரைந்து, கோடு நேராக வந்தால் இயற்பியலாளர் மாட் சொன்ன எலக்ட்ரான் தாவல் (ஓரிடத்தில் அடைபட்ட எலக்ட்ரான் இன்னோரிடத்துக்குத் தாவுவது) இதுதான், எனவே மின்கடத்தாப் பொருள்தான் என்று முடித்துவிடுகிறார்கள். குறுகிய வெப்ப எல்லைக்குள் எந்த வளைவும் நேர்கோடாகத் தெரியும். கோட்டின் சாய்விலிருந்து தாவல் தூரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: எலக்ட்ரான் அடைபட்டிருக்கும் இடத்தின் நீளத்தைவிடவே அது சிறிதாக வருவதுண்டு. அறைக்குள்ளேயே நடப்பவன் வீடு மாறினான் என்பதுபோல!

பல மாதிரிகளில் மின்கடத்துதிறன் குளிரக் குளிர இறங்கி, பிறகு சுழியாகாமல் ஒரு மதிப்பில் தேங்கிவிடுகிறது. அங்கும் கவனம் வேண்டும். 1 கெல்வினுக்குக் கீழே, அளக்க நாம் செலுத்தும் மின்னோட்டமே மாதிரியைச் சூடாக்கும். வெப்பமானி குளிரைக் காட்டும், மாதிரி குளிர்ந்திருக்காது. மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தும் அதே மின்தடை வந்தால்தான் அந்தத் தேக்கத்தை நம்புவேன். ஹீலியம் விற்கும் விலையில் மறுபடி அளக்க மாணவர்கள் தயங்குகிறார்கள், பாவம்.

இன்னொரு சிக்கல், அறை வெப்பத்தைவிட 4.2 கெல்வினில் மின்தடை நூறு மடங்குக்கு மேல் உயர்ந்ததெல்லாம் பல்மணி மாதிரிகளில் (பல சிறு மணிகள் ஒட்டிச் சேர்ந்த துண்டுகளில்). முழுத் துண்டும் ஒற்றை மணியாக வளர்த்தவற்றில் உயர்வு சில மடங்குதான். பல்மணித் துண்டுகளில் நுண்துளைகள் வேறு. இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் கிடைக்கும்வரை, நான் இதை மிக மோசமான உலோகம் என்றே எழுதுவேன்.