மகனுக்கு ஃபிரட்டர்னிட்டி அழைப்பு வந்திருக்கிறது, சேரவிடலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகன் பென்சில்வேனியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஃபிரட்டர்னிட்டி (கல்லூரி ஆண்கள் சேரும் சங்கம்) ஒன்றில் சேர அவனுக்கு 'பிட்', அதாவது அழைப்பு, வந்திருக்கிறது. சீனியர்களின் தொடர்பு கிடைக்கும், வேலைக்கு உதவும் என்கிறான். செய்திகளில் வரும் சாவுகளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் அப்பாவோ, "நாங்க பார்க்காத ராகிங்கா?" என்கிறார். தெற்காசியப் பிள்ளைகளே நடத்தும் ஃபிரட்டர்னிட்டி ஒன்றும் அங்கே உண்டாம். அதில் சேரச் சொல்லலாமா, இல்லை ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சொன்னால் உங்களுக்குத் தெரியாமல் சேருவான், அவ்வளவுதான். கல்லூரி மாணவரின் பதிவுகள் மீதான உரிமை கூட்டாட்சிச் சட்டப்படி மாணவருடையது. பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டுக் கேட்டாலும் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்குச் செய்தி வரும் ஒரே வழி உங்கள் மகன்தான். அந்த வழியை அடைத்துவிட வேண்டாம்.

உங்கள் கணவர் சொல்லும் ராகிங் வேறு. ராகிங்கில் மாட்டுகிறவன் சீனியர் கண்ணில் படாமல் தப்பிக்கப் பார்ப்பான். ஹேஸிங் என்பது ஃபிரட்டர்னிட்டியில் சேர வருகிறவர்களைப் படுத்தும் சடங்கு. அதில் பையன் ஆசைப்பட்டுத் தானே வந்து நிற்கிறான். சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் 'பிரதர்' ஆகிவிடலாம், கூட நிற்கும் மற்ற பிளெட்ஜ்களை (இன்னும் முழு உறுப்பினர் ஆகாத புதியவர்களை) விட்டுக்கொடுக்கக் கூடாது என்று இருப்பான். அதனால் அவனே உங்களிடம் மறைப்பான். போன வருஷம் பட்டவன்தான் இந்த வருஷம் படுத்துகிறவன். அவனுக்கு அது கொடுமையாகவே தோன்றாது. எங்கள் பாரம்பரியம் என்பான்.

உயிர் போகும் சம்பவங்களில் பெரும்பாலும் காரணம் அடி உதை அல்ல, சாராயம். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்தது நினைவிருக்கும். பீட்டா தீட்டா பை என்ற ஃபிரட்டர்னிட்டியின் வீட்டில் பிட் ஏற்ற அன்று இரவே புது மாணவர்களை வரிசையாகக் குடிக்க வைத்தார்கள். டிமோதி பியாஸா என்ற 19 வயது மாணவர் மாடிப்படியில் விழுந்தார். அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தது மறுநாள் காலையில்தான், ஏறக்குறைய 12 மணி நேரம் கழித்து. அதுவரை அவர் மல்லாந்து புரண்டுவிடாமல் இருக்க முதுகில் பையை மாட்டிவிட்டார்கள். அவர் பிழைக்கவில்லை. அது மது கூடாது என்ற விதி உள்ள வீடு, உள்ளே கேமராவும் இருந்தது. ஆகவே நல்ல பெயர் இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

மகனிடம் முதலில் பேச வேண்டிய விஷயமும் இதுதான். ஒருவன் மயங்கிய பிறகும், வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தூங்கினால் தெளிந்துவிடும் என்று விடுவதுதான் ஆளைக் கொல்கிறது. எழுப்பினால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் யாரிடமும் அனுமதி கேட்காமல் 911. பியாஸாவின் சாவுக்குப் பிறகு 2018-இல் பென்சில்வேனியா கொண்டுவந்த சட்டம், உதவிக்கு அழைத்துக் கூடவே இருப்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது. 21 வயது ஆகாமல் குடித்தது தெரிந்துவிடுமே என்ற பயத்தில்தான் பிள்ளைகள் தயங்குகிறார்கள். இதை அவனுக்குப் புரிய வையுங்கள். பட்டவன் தானாக ஒத்துக்கொண்டுதான் செய்தான் என்று படுத்தியவர்கள் சொல்லும் வாதமும் அந்தச் சட்டத்தின் முன் எடுபடாது.

தெற்காசிய அமைப்பு என்பதால் பத்திரம் என்று எண்ண வேண்டாம். 2013-இல் நியூயார்க்கின் பருக் கல்லூரி மாணவர் ஒருவர், பென்சில்வேனியா மலைப்பகுதியில் ஒரு வாடகை வீட்டில் நடந்த சடங்கில் அடிபட்டு இறந்தார். நடத்தியது பை டெல்டா சை என்ற ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி. கண்ணைக் கட்டி, முதுகில் கனத்த மூட்டையோடு நடக்கவிட்டு மோதித் தள்ளினார்கள். அந்த அமைப்பையே குற்றவாளி என்று தீர்ப்பளித்து, 10 ஆண்டுகள் அந்த மாநிலத்தில் இயங்கத் தடை விதித்தார்கள். மகளுக்கு சொரோரிட்டி (பெண்களுக்கான இதே மாதிரி சங்கம்) என்றாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கே அவமானப்படுத்துவதும் தூங்கவிடாமல் வேலை வாங்குவதும் அதிகம் கேள்விப்படுகிறோம்.

சரி, பாரம்பரியம் முழுக்கக் கெட்டதா? இல்லை. 1776-இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா என்ற மாணவர் சங்கத்திலிருந்து பெயருக்குக் கிரேக்க எழுத்தும் ரகசியக் கைகுலுக்கலும் வந்தன. உறுதிமொழி எடுப்பது போன்ற சடங்கில் பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும். பிளெட்ஜ் காலம் இல்லாமலும் ஃபிரட்டர்னிட்டி நடக்கும். சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014-இல் நாடு முழுக்க அதை எடுத்துவிட்டது.

இனி செய்ய வேண்டியது. பல்கலைக்கழக இணையதளத்தில் ஹேஸிங் அறிக்கையைத் தேடுங்கள். பென்சில்வேனியாவில் 2018 சட்டப்படியே அது இருக்க வேண்டும். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் மற்ற மாநிலக் கல்லூரிகளையும் அப்படி வெளியிடச் சொல்கிறது. அந்த சாப்டர் (அந்தக் கல்லூரியில் உள்ள ஃபிரட்டர்னிட்டிக் கிளை) பெயர் அதில் இருக்கிறதா, என்ன காரணம் என்று பாருங்கள். அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளின் பட்டியலில் அது இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கீகாரம் போன பிறகும் வெளியே வீடு எடுத்து அதே பெயரில் நடத்துகிறவர்கள் உண்டு. அந்த மாதிரி இடம் என்றால் நான் சேரவிட மாட்டேன்.

மகனிடம் "ராகிங் பண்றாங்களா?" என்று கேட்டால் "இல்ல" என்றுதான் பதில் வரும். வேறு மாதிரி கேளுங்கள். புது மெம்பர் காலம் எந்தத் தேதியில் முடிகிறது? போனை வாங்கி வைப்பார்களா? புதியவனுக்கு ஒரு சீனியரை 'அண்ணன்' ஆக்கும் 'பிக்-லிட்டில்' இரவு எப்போது? குடிக்க மாட்டேன் என்று சொன்னவனை என்ன செய்தார்கள்? நேராகப் பதில் வராத இடத்தில் கவனம் வையுங்கள். 2021-இல் ஒஹாயோவின் பௌலிங் கிரீனில் ஒரு மாணவரின் உயிரைப் பறித்தது அந்த பிக்-லிட்டில் இரவுதான். ஒரு முழு பாட்டில் போர்பன் விஸ்கி.

அவனுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். சாப்டர் தலைவருக்கும் கல்லூரியில் இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் கிரீக் லைஃப் அலுவலகத்துக்கும் இரண்டு வரி மின்னஞ்சல் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. கட்டிய பணம் திரும்ப வருமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் அதை மகனிடம் ஒருபோதும் சொல்லிக் காட்டாதீர்கள்.