நெடுந்தூரம் ஓடினால் கால் நகம் கறுத்து அடியில் கொப்புளம் வருவது ஏன்? ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா?

அரை மரதனுக்குப் பயிற்சி எடுக்கிறீர்கள், நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் பெருவிரல் நகம் கறுத்து அடியில் நீர் கோத்து நிற்கிறது, சப்பாத்து புதிது, பிறகும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்தியர் இல்லை. திருகோணமலையில் பல வருடமாக ஓடுகிற ஆள், அவ்வளவுதான்.

சப்பாத்து புதிதா பழசா என்பதை விடுங்கள், நுனியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட ஓடப் பாதம் வீங்கும். காலையில் கடையில் போட்டுப் பார்த்து அளவாக இருந்த சப்பாத்து 15 கிலோமீற்றருக்குப் பிறகு அளவாக இருக்காது. எழுந்து நின்று பார்க்கும்போது விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் மிச்சம் இருக்க வேண்டும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம், அப்படியானால் அதிலிருந்து அளவுங்கள். வாங்கப் போவதும் பின்னேரமாக இருந்தால் நல்லது.

நீளம் சரியாக இருந்தும் நகத்தைப் பறிகொடுக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் நான் முதலில் கேட்பது, எங்கே ஓடுகிறீர்கள் என்றுதான். எங்கள் ஊரில் நிலாவெளி வீதி சமதரை. ஏற்றம் வேண்டும் என்றால் கோட்டை வாசலுக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுவோம். (மான்கள் குறுக்கே நிற்கும், அவை நமக்கு வழி விடாது.) ஏறுவது மூச்சைத்தான் வாங்கும், நகத்தைக் கெடுப்பது இறக்கம். இறங்கும்போது கால் சப்பாத்துக்குள் முன்னுக்குச் சறுக்கி, ஒவ்வொரு அடிக்கும் நகம் நுனியில் போய் முட்டுகிறது. ஆயிரக்கணக்கான சின்ன இடிகள். நகத்தின் கீழ் இரத்தம் கசிந்தால் கறுக்கும், நீர் கோத்தால் கொப்புளம். நகம் வளர்ந்திருந்தால் அது நெம்புகோலாகி இன்னும் கிளப்பிவிடும்.

இதற்குச் செலவில்லாத வழி நாடாவில் இருக்கிறது. சப்பாத்தின் மேல் ஓரத்தில் கணுக்காலுக்குப் பக்கத்தில் ஒரு துளை சும்மா கிடக்கும், பார்த்திருப்பீர்கள். நாடாவை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் செய்து, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள்ளால் இழுத்துக் கட்டுங்கள். குதிக்கால் பின்னால் பிடிபட்டு நிற்கும், விரல் முன்னே ஓடாது. விரல் பக்கத்து நாடாவை இறுக்க வேண்டாம். நகத்தை நேராகவும் குட்டையாகவும் வெட்டுங்கள். மூலைகளை வளைத்து உள்ளே வெட்டினால் நகம் சதைக்குள் வளரும், அது வேறு தலையிடி.

விரல் இடுக்கிலும் குதிக்காலிலும் வரும் கொப்புளத்தின் கதை வேறு. தோல் சொக்ஸோடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசைகிறது. நடுவில் அகப்பட்ட தோல் அடுக்கு இழுபட்டு இழுபட்டுப் பிரிந்து நீர் நிரம்புகிறது. ஈரம் இந்த ஒட்டலைக் கூட்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் விடிகாலையிலேயே வியர்த்துக் கொட்டும், தார் வீதியும் கொதிக்கும். பருத்திச் சொக்ஸ் அந்த வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்திருக்கும், ஆகவே செயற்கை நூல் சொக்ஸ்தான். உப்புவெளிக் கடற்கரையில் ஓடினால் மணலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மணல் புகுந்துவிட்டால் நின்று கழற்றித் தட்டுங்கள், அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் நேரம் கெட்டுவிடாது.

வழமையாகக் கொப்புளம் வரும் இடத்தில் முன்கூட்டியே கடதாசிப் பிளாஸ்டர் ஒட்டுவது எனக்குச் சரிவருகிறது. பார்மசியில் காயத்துக்கு ஒட்ட விற்கிற அதே மலிவான சாமான். 250 கிலோமீற்றர் பல நாள் ஓட்டங்களில் செய்து 2016இல் வெளியான ஒரு ஆய்வும் அது கொப்புளத்தைக் குறைப்பதாகக் காட்டியது.

இப்போது வந்திருப்பதற்கு என்ன செய்வது? வலி இல்லையென்றால் ஒன்றும் செய்யாதீர்கள். நகம் விண்விண் என்று தெறித்தால் முதல் ஓரிரு நாளுக்குள் வைத்தியரிடம் போங்கள். நகத்தில் சின்னத் துளை போட்டு இரத்தத்தை வெளியே விடுவார், வலி உடனே இறங்கும். ஊசியைச் சுட்டு வீட்டில் குத்திப் பார்க்கிற வேலை வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் கால் கொப்புளத்தில் கையே வைக்கக் கூடாது. ஆடுகிற நகத்தைப் பிடுங்கவும் வேண்டாம், பிளாஸ்டரால் கட்டி விடுங்கள், தானாக விழும். பெருவிரல் நகம் முழுதாக வளர ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். மார்ஷல் உல்ரிச் என்ற அமெரிக்க ஓட்டக்காரர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று கால் நகங்களைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்தே விட்டார். உங்களுக்கும் எனக்கும் அது தேவையில்லை. கறுத்த நகத்தைப் பதக்கம் போலப் படம் எடுத்துப் போடுகிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இடியால் வந்த கறுப்பு, நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். நகராமல் ஒரே இடத்தில் நின்றாலோ, கோடாக அகன்றாலோ, நகத்தடித் தோலுக்குப் பரவினாலோ தோல் வைத்தியரைப் பாருங்கள். ஜமேக்காப் பாடகர் பொப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டுபிடித்தது தோல் புற்றுநோய். முதலில் அதைப் பந்தாட்டக் காயம் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

ஓட்டத்தை நிறுத்த வேண்டுமா என்றால், நடை மாறாமல் ஓட முடிந்தால் ஓடலாம். வலிக்குப் பயந்து பாதத்தைச் சாய்த்து வைக்கத் தொடங்கினால் முழங்காலும் நோகும், அப்போது இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். பிறகும் கொஞ்ச நாளைக்கு நிலாவெளி வீதி போல சமதரையே போதும்.