கேள்வி நம்மளோடது: பேஸுக்கு இடம் விட்ட கிட்டார்

நாங்க மூணு பேர், காலேஜ் ரெண்டாவது வருஷம், ஒரு பங்க் பேண்ட் (வேகமா, முரட்டுத்தனமா வாசிக்கற ராக்) வச்சிருக்கோம். என்ன வாசிச்சாலும் ஏற்கனவே கேட்ட யாரோ மாதிரியே இருக்கு. எங்களுக்குன்னு ஒரு சவுண்ட் எப்ப சார் வரும்? (திருச்சியிலிருந்து ஒரு மாணவர்)

தம்பி, மூணு பேர்னு சொன்னதும் எனக்கு மினிட்மென்ங்கற அமெரிக்க பங்க் பேண்ட் ஞாபகம்தான் வந்துச்சு. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல சான் பெட்ரோன்னு ஒரு துறைமுக ஊரு, அங்க டி. பூன், மைக் வாட்னு ரெண்டு பசங்க. ஒரு பார்க்குல பூன் மரத்துலேர்ந்து வாட் மேல பொத்துனு குதிச்சான், அன்னைக்கு ஆரம்பிச்ச சிநேகம். பூனோட அம்மா, பசங்க ரோட்டுல சுத்தாம வீட்டுல இருக்கட்டும்னு ஒருத்தன் கிட்டார், ஒருத்தன் பேஸ், அதாவது கனமான அடிச்சத்தம் தர்ற கிட்டார்னு பிரிச்சு விட்டாங்க. ஆனா பேஸ்னா என்னன்னே வாட்டுக்கு தெரியாது, போட்டோல பாத்தா நாலு கம்பி இருக்கு, சரின்னு சாதா கிட்டார்ல ரெண்டு கம்பிய கழட்டிட்டு அதத்தான் பேஸ்னு வாசிச்சிருக்கான். கம்பிய முறுக்கி சுருதி சேக்கணும்ங்கறதும் தெரியாது, அவனவன் கைக்கு எது சுகமோ அப்படி டைட்டாவோ லூஸாவோ வச்சுக்கறதுன்னு நினைச்சுக்கிட்டாங்களாம்! பல வருஷம் ரேடியோல கேட்ட ராக் பாட்டத்தான் காப்பி அடிச்சாங்க, அதுல ஒண்ணும் அசிங்கம் இல்ல, நீங்களும் இப்ப அங்கதான் இருக்கீங்க.

மாத்தம் எங்க வந்துச்சுன்னா, பங்க் வந்ததும் இவங்களுக்கு ஒண்ணு புரிஞ்சுது, நம்மள மாதிரி ஆளுங்களே பாட்டு எழுதலாம், மேடையில நிக்கறவன் ஒண்ணும் வானத்துலேர்ந்து குதிச்சவன் இல்லன்னு. 1980ல மினிட்மென் ஆரம்பிக்கும்போது பூன் ஒரு காரியம் பண்ணாரு பாருங்க, அதுதான் உங்களுக்கு நான் சொல்ல வர்ற விஷயமே. சாதாரணமா ராக் பேண்ட்ல கிட்டார்காரன்தான் ராஜா, சத்தமும் அவன்து, சோலோவும் அவன்து, பேஸ் வாசிக்கறவன் எங்கயோ அடியில கிடப்பான். பூன் அரசியல் நிறைய பேசற ஆளு, மேடையில ஒருத்தன் இன்னொருத்தன அமுக்கிட்டு பாட்டுல மட்டும் சமத்துவம் பேசினா எப்படின்னு, தன் கிட்டாரோட அடிச்சத்தத்த எல்லாம் எடுத்துட்டு ட்ரெபிள, அதாவது கீச்சுனு கேக்கற மேல் சத்தத்த மட்டும் ஏத்தி, தகரத்த சுரண்டற மாதிரி மெல்லிசா ஆக்கிட்டாரு. கீழ காலியான இடம் பூரா வாட்டோட பேஸுக்கும் ஜார்ஜ் ஹர்லியோட டிரம்ஸுக்கும். அந்த சவுண்ட இன்னைக்கும் ரெண்டு செகண்ட்ல கண்டுபிடிச்சிடலாம். கிட்டார் சத்தத்த மாத்தற பெடல் வாங்கி வந்த சவுண்ட் இல்ல அது, கூட்டாளிக்கு இடம் விட்டதுல வந்தது. உங்க மூணு பேர்ல யாரு சத்தத்துல யாரு காணாம போறாங்கன்னு மொதல்ல கவனிங்க, அப்புறம் சவுண்ட பத்தி பேசலாம்.

பங்க்னா எனக்கு பெட்ரோல் பங்க்தான் தெரியும்! (தாம்பரம் வாசகர்)

இவங்களும் பாதி நாள் வேன்ல பெட்ரோல் போட்டுக்கிட்டேதான் இருந்தாங்க, அதனால நீங்க ரொம்ப தள்ளிப் போகல.

மினிட்மென் பாட்டு மாதிரி ஒரு நிமிஷத்துல முடியறதெல்லாம் பாட்டா? பல்லவி, சரணம் எதுவும் வேணாமா? (மதுரையிலிருந்து ஒரு ஆசிரியை)

டீச்சர், உங்க கோவம் நியாயம்தான். ஆனா 1977ல வயர்னு ஒரு இங்கிலாந்து பேண்ட் 21 பாட்ட ஒரே எல்.பி. இசைத்தட்டுல போட்டுச்சு, சொல்ல வேண்டியது முடிஞ்சா பாட்டும் முடிஞ்சுதுன்னு. அத கேட்டுதான் இவங்களுக்கு தைரியம் வந்துச்சு. மொத ரெக்கார்ட்ல 7 பாட்டு, எல்லாம் சேத்து ஏழு நிமிஷத்துக்குள்ள. (ஆனா மினிட்மென்ங்கற பேரு பாட்டு நீளத்த வச்சு வந்தது இல்ல, அமெரிக்க சுதந்திரப் போர்ல கூப்பிட்ட நிமிஷம் ஓடி வந்த ஊர்க்காவல் படைக்கு அந்தப் பேரு.) திருக்குறள்ல ஏழு சீர் போதும்னா பங்க்ல ஒரு நிமிஷம் போதாதா என்ன?

ஸ்டூடியோ வாடகைக்கே எங்களால முடியல. காசில்லாம ஆல்பம் போட முடியுமா? (கோவையிலிருந்து ஒரு வாசகர்)

போட்டாங்களே. வாடகை கம்மியா இருக்கற நடுராத்திரில போவாங்க, ஏற்கனவே யாரோ யூஸ் பண்ண டேப்ப சல்லிசா வாங்கிக்குவாங்க, ஆல்பத்துல எந்த வரிசையோ அதே வரிசையில வாசிச்சு பதிவு பண்ணிடுவாங்க, அப்ப எடிட்டிங் செலவும் மிச்சம். ஆம்ப், அதாவது கிட்டார் சத்தத்த பெருசாக்கற பெட்டி, அத தூக்கறதும் அவங்கதான், வேன் ஓட்டறதும் அவங்கதான். இந்த சிக்கனத்துக்கு அவங்க வச்ச பேரு 'எகோனோ'. 1984ல கூட்டாளி பேண்ட் ஹஸ்கர் டூ டபுள் ஆல்பம் (ரெண்டு தட்டு, நாலு பக்கம்) போடறாங்கன்னு தெரிஞ்சதும், கையில ஒரு ஆல்பத்துக்கு பாட்டு ரெடியா இருந்தும் இன்னும் எழுதித் தள்ளி 40க்கு மேல பாட்டோட இவங்களும் டபுள் போட்டாங்க. மூணு பேரும் ஆளுக்கொரு பக்கத்துக்கு பாட்டு பொறுக்கிக்கிட்டு, மிஞ்சினத நாலாவது பக்கத்துல கொட்டி அதுக்கு 'பதர்'னே பேரும் வச்சாங்க. பதர்னு சொன்னதுலயும் நல்ல நெல்லு நிறைய இருக்கு, அது வேற விஷயம்.

அவங்க இப்ப எங்க? (சேலம் வாசகர்)

1985 டிசம்பர் 22, அரிசோனால வேன் விபத்துல பூன் செத்துட்டாரு, 27 வயசு. பேண்ட் அன்னைக்கே முடிஞ்சுது. வாட் இனிமே வாசிக்கறதே இல்லன்னு உக்காந்துட்டாரு, அப்புறம் ஒஹையோவுலேர்ந்து ஒரு ரசிகர் சான் பெட்ரோவுக்கே வந்து நின்னதுல மனசு மாறி, ஹர்லியையும் சேத்துக்கிட்டு ஃபயர்ஹோஸ்னு இன்னொரு பேண்ட் ஆரம்பிச்சாங்க.

எதுல ஆரம்பிச்சு கேக்கறது? (அதே சேலம் வாசகர்)

அந்த 1984 டபுள் ஆல்பம்தான், பேரு 'டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்'. ஆனா போன் ஸ்பீக்கர்ல கேக்காதீங்க, அதுல பேஸ் சுத்தமா விழாது, பூன் சுரண்டறது மட்டும் கேட்டுட்டு என்னடா இதுன்னு எனக்கு திட்டி லெட்டர் போடுவீங்க.