சார்ம் போட்டும் காவலன் திறப்பைத் தரல்லயா?

தம்பி, கல்லடியில டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (மேசையில இருந்து கதையா விளையாடுறது) விளையாடுற உங்கட குழுவில சார்ம் பேர்சன் எண்ட மயக்கு மந்திரம் போட்டும் சிறைக் காவலன் திறப்பைத் தரல்ல, டிஎம் (கதையை நடத்துறவர்) ஏமாத்துறார் எண்டு எழுதியிருக்கீங்க. 2014 ஐந்தாம் பதிப்பு விதிப்படி டிஎம் சொன்னது சரிதான். அந்த மந்திரத்தால காவலன் உங்களை நல்லாப் பழகின ஆளா நினைப்பான், உங்களுக்கு அடிக்க மாட்டான். அவனைப் பேச்சால இணங்க வைக்கிற சோதனைக்கு ரெண்டு டி20 (20 பக்கத் தாயக்கட்டை) உருட்டிக் கூடினதை எடுக்கலாம். ஆனா உருட்டத்தான் வேணும். பழகினவன் கேட்டான் எண்டு வேலை போற காரியத்தை ஆர் செய்வான்? "உள்ள இருக்கிற கைதியோட அஞ்சு நிமிஷம் கதைச்சிட்டு வாறன்" எண்டு கேட்டிருந்தா, டிஎம் டிசி (உருட்டி எட்டவேண்டிய எண்) 15 போல வைச்சு விட்டிருக்கலாம்.

திறப்புத்தான் வேணுமெண்டா சஜெஷன் (சொன்னதைச் செய்ய வைக்கிற மந்திரம்) போடுங்க. ஒண்டு ரெண்டு வசனம், கேட்க நியாயமா இருக்கவேணும்: "திறப்பு துருப்பிடிச்சிட்டு, கொல்லனிட்டக் காட்டிட்டு வாறன், தா." 8 மணித்தியாலம் வரை நிக்கும், உங்கட கான்சன்ட்ரேஷன் (மந்திரத்தைப் பிடிச்சு வைக்கிற கவனம்) குலைஞ்சாலோ, உங்கட ஆக்கள் அவனுக்கு அடிச்சுக் காயப்படுத்தினாலோ போச்சு.

சார்மில இன்னொரு வில்லங்கம்: 1 மணித்தியாலம் முடிய, மயக்கினது நீங்கதான் எண்டு அவனுக்குத் தெரியும். சண்டைக்கு நடுவில போட்டா சேவிங் த்ரோவுக்கு (மந்திரத்துக்குத் தப்ப அவன் உருட்டுறது) அவனுக்குத்தான் அட்வான்டேஜ், அவன்தான் ரெண்டு உருட்டிக் கூடினதை எடுப்பான். ரெண்டு மந்திரத்தையும் வாயால சொல்லவேணும், பக்கத்துக் காவலனுக்கும் கேக்கும்.